காகிதத்துக்கு வெளியே அச்சடித்தவர்

ஆஸ்டின் டவுனில் ரெமிஜியஸ் மதித்த ஆள் ஒருவர் இருந்தார். காலையில் முகம் மழிக்கும்போது அவரைக் கண்ணாடியில் பார்ப்பார். மற்றவர்களை மதிக்கவும் அவருக்கு நேரம் இருந்தது, காரணம்தான் கிடைக்கவில்லை.

இருபது வருடம் ஓர் அரசுத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்தவர். 1991இல் தொழிற்சாலை அவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னது. போனார். வீட்டில் மனைவி பிரிஜெட் எத்தனை மணிக்குக் காபி வைக்கிறாள் என்று குறிக்கத் தொடங்கினார். மூன்றாம் வாரம் பிரிஜெட் பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள். இப்படியாக ரெமிஜியஸ் கோயில் கிளார்க் ஆனார். கோயிலின் பெயர் வேண்டாம். ஆஸ்டின் டவுன் பக்கம் என்பது போதும்.

1993இல் யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் கோயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார். ரெமிஜியஸ் பிரிகேட் ரோட்டுச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் நடந்த ஆறு மாத வகுப்பில் சேர்ந்தார். எதையெல்லாம் அச்சடிப்பது என்பது ஐந்தாம் மாதப் பாடம். எதை அச்சடிக்காமல் விடுவது என்பது ஆறாம் மாதப் பாடம். ஆறாம் மாதம் வாத்தியார் மஸ்கட்டுக்குப் போய்விட்டார்.

ஐந்து மாதப் படிப்போடு ரெமிஜியஸ் ஒரு ப்ரோகிராம் எழுதினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதற்கு 'ரெமி' என்று பெயர் வைத்தார். யார் பெயரை என்று பங்கில், அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், எவரும் கேட்கவில்லை. கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பதினோராயிரம் பேரையும் மூன்று வருடம் உட்கார்ந்து அதில் ஏற்றினார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தமிழாக அடித்தார். பெயர், தகப்பன், தாய், தேதி, ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாய் தகப்பன், கடைசியாகக் 'குறிப்பு'. கோயில் பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டம், அந்த ஆளுக்குப் பிற்பாடு எங்கே கல்யாணம் நடந்தது என்று எழுதுவதற்கானது. ரெமிஜியஸ் அந்தக் கட்டத்தைக் கண்டதும் இருபது வருட டைம் ஆபீஸ் கை அரித்தது.

'பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைப்பவன்.' 'மின்விசிறி ஒன்று கோயிலுக்குக் கொடுத்தார்கள். அதன் இறக்கையைவிடப் பெரிதாகத் தங்கள் பெயரை எழுதினார்கள்.' 'பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய் பிரசங்கம் முடிந்ததும் வருபவன். வரும்போது வாயில் ஏலக்காய்.' இப்படி ஆயிரத்துக்கும் மேல். பங்கில் இத்தனை அற்பர்கள் இருந்தும் அத்தனை பேரைப் பற்றியும் எழுத நேரம் போதவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

சிக்கல் என்னவென்றால், ஆறாம் மாதப் பாடம் படிக்காததால், குறிப்பை அச்சில் வராமல் நிறுத்த அவருக்குத் தெரியாது. ஆள் பெயரை அச்சடித்தால் ஆளைப் பற்றிய குறிப்பும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ரெமிஜியஸ் சாமர்த்தியசாலி. பொம்மசந்திராவில் மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களிலிருந்து, கட்டில் போல அகலமான பிரிண்டர் ஒன்றைக் கோயிலுக்கு வாங்க வைத்தார். அதில் சாதாரணக் காகிதத்தை இடது ஓரமாகச் செருகுவார். காகிதம் எண்பது எழுத்தோடு முடிந்துவிடும். குறிப்பைத் தொண்ணூறாவது எழுத்தில் தொடங்கும்படி தள்ளி வைத்தார். பிரிண்டரின் ஊசி காகிதத்தைத் தாண்டி ஓடி, வெறும் ரப்பர் உருளையின் மேல் 'டர்ர்ர்' என்று குறிப்பை அடித்துவிட்டுத் திரும்பும். பத்து வருடம் பங்கின் மானம் அந்த உருளையின் வலது பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகி, கடைசியில் தார் பூசியது போல ஆயிற்று. சனிக்கிழமைதோறும் ரெமிஜியஸ் அதைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார். பார்த்தவர்கள், மனுஷனுக்கு மெஷின் மேல் என்ன பக்தி என்றார்கள்.

ரெமியில் திருத்தும் வசதி கிடையாது. அடித்தது அடித்ததுதான். தவறு செய்பவர்களுக்குத்தானே திருத்தம் வேண்டும். 2000ஆம் ஆண்டு வந்தபோது ரெமி தடுமாறியது; புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு நூறு வயது என்றது. ரெமிஜியஸ் அதையும் தன் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பத்து வருடம் பின்னால் தள்ளிவைத்து, சான்றிதழில் வருடத்தை மட்டும் பேனாவால் மாற்றிக் கையெழுத்துப் போட்டார். ஜனங்கள் அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எதைக் கொடுத்தாலும் மடித்துப் பையில் வைக்கும் ஜனங்கள்.

2003 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் அவரை ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தினார். முப்பத்தைந்து வயதுச் சாமியார். இடுப்பில் செபமாலை இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் வைத்திருப்பவர் என்பது ரெமிஜியஸின் அபிப்பிராயம்.

"செத்துப்போச்சு மிஸ்டர் ரெமிஜியஸ்."

"யாரு சாமி?"

"கம்ப்யூட்டர். நேத்து சாயங்காலம் புகை வந்துச்சு. கவலைப்படாதீங்க, டேட்டா இருக்கிற டிஸ்க்கை எடுத்து வெச்சிட்டேன். வைட்ஃபீல்ட்ல ஒரு கம்பெனிக்காரங்க புதுசு குடுத்திருக்காங்க. விண்டோஸ் எக்ஸ்பி."

"பிரிண்டரு?"

"அதையும் பழைய சாமான் குஜிரிக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்தாச்சு. அது என்ன பிரிண்டரா, ஆஸ்பத்திரிக் கட்டிலா? புதுசா லேசர் வந்திருக்கு. சத்தமே இல்ல."

உருளை போய்விட்டது என்பதில் ரெமிஜியஸுக்கு ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது. சாமியாரின் அடுத்த வாக்கியம் அதைக் கெடுத்தது.

"உங்க பழைய ப்ரோகிராம் இதுல ஓடுமான்னு பாருங்க. சனிக்கிழமைக்குள்ள ஓடினா சந்தோஷம். இல்லன்னா திங்கக்கிழமை அந்தக் கம்பெனிப் பசங்க வந்து எல்லாத்தையும் எக்செல்ல கொட்டிடுவாங்க. ஒரு கட்டம் விடாம அப்படியே வந்துடுமாம்."

ஒரு கட்டம் விடாம. குறிப்புக் கட்டமும்.

அந்த ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகளில் ஒன்று அவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தது. அவருடைய ஒரே மகள் ஆஞ்சலா வைட்ஃபீல்டில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீஸ் பஸ்ஸில் தினமும் போகிற கிளிஃபர்ட் என்ற பையனைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். ஹோசூர் ரோடு, மாரத்தஹள்ளி என்று பஸ் ஊர்ந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் காதல் வராமல் வேறென்ன வரும்? செப்டம்பர் முதல் ஞாயிறு முதல் ஓலை. ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது. எல்லாம் கூடி வந்திருந்தது. கிளிஃபர்டின் அப்பா டென்சில் என்பது ஒன்றுதான் குறை.

1986 கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட டென்சில் ரெமிஜியஸ் வீட்டு மூங்கில் ஏணியை இரவல் வாங்கினார். திருப்பித் தந்துவிட்டேன் என்பது டென்சில் கட்சி. வரவில்லை என்பது ரெமிஜியஸ் கட்சி. பதினேழு வருடம் பேச்சில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது மட்டும் இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டித் தொட்டுக்கொள்வார்கள், சுடுகிற இட்லியைத் தொடுவது போல. பிள்ளைகளுக்காக டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருந்தார். கிளிஃபர்டின் ஞானஸ்நானப் பதிவை ரெமியில் ஏற்றிய அன்று ரெமிஜியஸ் குறிப்புக் கட்டத்தில் என்ன அடித்தார் என்று டென்சிலுக்குத் தெரிந்தால் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே ரெமி ஓட வேண்டும். அதன் வயிற்றை யாரும் திறக்காமல் ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவரே முயன்றார். முதல் வேலையாகப் புதுக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் பத்து வருடம் பின்னால் தள்ளினார். ரெமியின் மேல் இரண்டு முறை தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரி போல. திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் மட்டும் நின்றன. புல்வெளியைக் காட்டி ஏமாற்றுகிற கம்ப்யூட்டரை ரெமிஜியஸ் அன்றைக்கே வெறுத்தார்.

"கிளிஃபர்டை கூப்பிடட்டுமா டாடி?" என்றாள் ஆஞ்சலா. "அவனுக்கு ஆபீஸ்ல வேலையே இதான். பழைய ப்ரோகிராமை புது விண்டோஸ்ல ஓட்றது."

"அவனுக்கு என் ப்ரோகிராம் இன்னா தெரியும்? அவன் பொறந்தப்போ இன்னா தெரியும்னு எனக்குத் தெரியும்."

"அது யாருக்குத்தான் தெரியாது? பொறந்தப்போ யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

பிரிஜெட் அடுக்களையிலிருந்தே சொன்னாள். "வரட்டும்ங்க. மாப்பிள்ளையா வர்றதுக்கு முன்னாடி ஒரு வேலையாவது வாங்கிக்குங்க."

அந்த வாதம் ரெமிஜியஸுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிளிஃபர்ட் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வந்தான். விடுமுறை நாளிலும் அதைக் கழற்றாத ஜாதி. கழற்றினால் தான் யாரென்று மறந்துவிடும் போலும். வைட்ஃபீல்டில் இருந்துகொண்டு அமெரிக்காவில் உள்ள பாங்குகளைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் என்று பேர். சொந்த வீட்டில் பல்பு மாற்ற ஆள் கூப்பிடுவார்கள்.

"ரூல் சொல்லிட்றேன்," என்றார் ரெமிஜியஸ். "இது பங்கு ரகசியம். திரையில ஆளுங்க பேரு வந்தா நீ அந்தச் சுவத்தைப் பாக்கணும்."

"சுவத்தையா அங்கிள்?"

"அங்க சூசையப்பர் காலண்டர் கீது. அதைப் பாரு."

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. உட்கார்ந்தான். கறுப்பு ஜன்னல் ஏன் மூடிக்கொள்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். ரெமி ஒரே நேரத்தில் நிறையக் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொள்கிற பழக்கம் உள்ளது; புதிய விண்டோஸ் இத்தனைக்கு மேல் கூடாது என்று அதன் கையைக் கட்டியிருந்தது. எங்கோ ஒரு மூலையில் ஒரு எண்ணைக் கூட்டினான். பிறகு, இது பழைய காலத்துக் கம்ப்யூட்டர் என்று ரெமியை நம்ப வைப்பதற்கென்றே விண்டோஸில் இருந்த ஒரு கட்டத்தில் டிக் அடித்தான். கறுப்புத் திரை வந்தது, பச்சை எழுத்து வந்தது. திரை கடவுச்சொல் கேட்டது.

"சுவரு," என்றார் ரெமிஜியஸ்.

கிளிஃபர்ட் சூசையப்பரைப் பார்த்தான். ரெமிஜியஸ் ஒரு கையால் மறைத்து மறு கையால் அடித்தார்.

"அங்கிள், இந்த சிஸ்டம் ஏன் 1993ல இருக்கு?"

"பத்து கூட்டிக்கோ."

"ஏன்னு கேட்டேன்."

"உங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் காரணம் சொல்வாங்களா?"

கிளிஃபர்ட் ஒரு கணம் யோசித்தான். "இல்ல அங்கிள்," என்று உண்மையை ஒப்புக்கொண்டான்.

பிரிண்டர்தான் கஷ்டம் கொடுத்தது. ரெமிக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டரின் பின்னால் தடித்த கேபிள் செருகுகிற பழைய துளை. புது லேசர் அந்தத் துளையில் இல்லை. துளைக்குப் போகிற எழுத்துகளை வழிமறித்து லேசருக்குத் திருப்பிவிட வேண்டும் என்றான் கிளிஃபர்ட். ஒரு வரி அடித்தான். திருப்பிவிட்டான்.

"ஒரு ஆளோட பதிவை பிரிண்ட் எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?"

"பதிவுல கைவெக்காதே. வேற ஏதாச்சும் அடி."

கிளிஃபர்ட் 'சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்' என்று ஒரு வரி அடித்தான். லேசர் லேசாகப் பெருமூச்சு விட்டுக் காகிதத்தைக் கவிழ்த்துத் துப்பியது. திருப்பிப் பார்த்தால் ஸ்தோத்திரம் தெளிவாக இருந்தது.

"ஒரு வரியில எத்தனை எழுத்து வரும் அங்கிள், உங்க ப்ரோகிராம்ல?"

பையன் நூல் விட்டுப் பார்க்கிறான். "எத்தனை வந்தா உனக்கு இன்னா? நான் போய் காபி சொல்லிட்டு வர்றேன். நீ ஒண்ணையும் தொடாதே."

கிளிஃபர்ட் கையைக் கட்டிக்கொண்டு காலண்டரின் பக்கம் நாற்காலியைத் திருப்பினான்.

காபி குடித்தபின் அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இரண்டு ஜோடிகளின் ஓலைக்கு ஆணை கொடுத்தார். பழைய பிரிண்டராக இருந்தால் அதன் சத்தத்திலேயே எது காகிதத்தில் விழுகிறது, எது உருளையில் விழுகிறது என்று அவர் காது சொல்லிவிடும். லேசர் மறுபடி ஒரு பெருமூச்சோடு சரி. காகிதம் கவிழ்ந்து வந்து படுத்தது. ஓலையில் வருடம் கிடையாது, ஆகவே பேனாவுக்கு வேலை இல்லை. சரிபார்ப்பது தவறு செய்பவர்களின் வேலை. கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே மூன்றாக மடித்து, கவரில் போட்டு, பசை தடவி, ஒட்டின இடத்தில் கோயில் முத்திரையைக் குத்தினார். வாசிக்கும்வரை ஓலையை எவனும் பார்க்கக்கூடாது என்பது பத்து வருடமாக அவர் போட்ட சட்டம். அதற்குச் சாமியாரும் விதிவிலக்கல்ல.

ஓலை வாசிக்கிறவர் உபதேசியார் கஸ்பார். முப்பது வருடமாகப் பூசையில் அறிக்கை வாசிக்கிற இவருக்கு ஒரு குணம்: காகிதத்தில் இருப்பதை வாசிப்பார். ஒரு முறை ஆயரின் சுற்றறிக்கையை வாசித்து முடித்து, அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் போன் நம்பரையும் அதே ராகத்தில் வாசித்து 'ஆமென்' சொன்னார். ஜனங்களும் 'ஆமென்' சொன்னார்கள்.

ஞாயிறு ஏழரை பூசை. ரெமிஜியஸ் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்புறம் முதல் வரிசையில் டென்சில், இஸ்திரி மடிப்புக் கலையாமல். நடுவில் நடைபாதை. கஸ்பார் கவரைக் கிழித்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

முதல் ஜோடி. மாப்பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தாய் தகப்பன். ரெமிஜியஸ் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். கஸ்பார் அடுத்த வரிக்கு இறங்கினார்.

"பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைப்பவன்."

மேலே பாடகர் மாடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கஸ்பார் நிமிரவில்லை. மணப்பெண்ணுக்கு வந்தார். பெயர், தகப்பன், தாய், ஞானத்தாய் நோரா.

"ஞானத்தாய் நோரா, தன் வயதில் ஐந்து குறைக்கச் சொல்லிக் கோயில் பதிவேட்டையே திருத்தக் கேட்டவள்."

இரண்டாவது வரிசையிலிருந்த நோரா டீச்சர் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ரெமிஜியஸுக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதம் எண்பது எழுத்தோடு முடிந்தால் பழைய பிரிண்டர் உருளையில் அடிக்கும். இந்தச் சத்தமில்லாத சனியனுக்கு உருளை ஏது? மீதியை மடித்துக் கீழ்வரியில் இறக்கிவிட்டது. எழுந்து ஓடிக் காகிதத்தைப் பிடுங்கலாமா என்று கால் நினைத்தது. பத்து வருட மரியாதை இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தது.

"கிளிஃபர்ட். தகப்பன் டென்சில்," என்று கஸ்பார் அதே ராகத்தில் போனார். தாய், தேதி, ஞானத்தகப்பன். பிறகு: "தகப்பன் ஏணித் திருடன். மகன் எப்படியோ."

கோயிலில் மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது.

"ஆஞ்சலா. தகப்பன் ரெமிஜியஸ். தாய் பிரிஜெட்." ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கட்டத்தில் என்ன அடித்தார் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"இந்தப் பங்கில் உருப்படியான குடும்பம் இது ஒன்றுதான்."

திட்டு வாங்கியபோது அமைதியாக இருந்த கோயில் அந்த வரிக்குத்தான் சிரித்தது. முதலில் பின்வரிசை, பிறகு நடு, பிறகு பீடத்துச் சிறுவர்கள். கஸ்பார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து முடித்தார்: "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பூசை முடிந்து கோயில் வளாகத்தில் மரத்தடியில் டென்சில் காத்திருந்தார். சுற்றிலும் பத்தடி தள்ளி, போகாமல் நிற்பதற்குக் காரணம் தேடிக்கொண்டு ஜனங்கள்.

"ரெமி. பதினேழு வருஷம். ஒரு மூங்கில் ஏணி."

"பன்னெண்டு படி," என்றது ரெமிஜியஸின் வாய், அவரைக் கேட்காமலே.

"நான் கொண்டாந்து உன் வீட்டுப் பின்னாடி சாத்தி வெச்சேன். நீ வீட்ல இல்ல."

"பொய்."

"கொண்டாந்தாரு," என்றாள் பிரிஜெட்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நான்தான் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் குடுத்தேன், வெள்ளை அடிக்க. அவங்க அப்படியே ஏணியோட கோலாருக்குக் குடி போய்ட்டாங்க. சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

"பதினேழு வருஷமா?"

"நீங்க பதினேழு வருஷமும் கத்தினீங்களே. எந்த நாள்ல சொல்றது?"

ஆஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. டென்சில் நிதானமாகப் பேசினார். "இங்க பாரு ரெமி. அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. என் பேருக்குக் கீழ அந்த வரி மாறி வரணும். ஏணி திரும்பி வந்துச்சுன்னு வரணும். வரலன்னா சாமியார்கிட்ட போய் தடைன்னு நானே சொல்வேன். ஆயித்து, அவ்ளோதான்."

"அந்த வரியையே எடுத்துட்றேன்."

"எடுக்காதே. திருடன்னு வாசிச்சது எல்லார் காதுலயும் விழுந்துச்சு. இல்லன்னும் விழணும்." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பினார். "இன்னொண்ணு. உன் வரியை மாத்தாதே. மூணு ஞாயிறும் அப்படியே வரட்டும்."

திங்கட்கிழமை காலை கோயில் ஆபீஸ் ஜன்னலில் வரிசை மதில்வரை நின்றது. எல்லாருக்கும் திடீரென்று ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது, கீழ்வரியோடு. திட்டு இருந்தவர்கள் கத்தினார்கள். ஆனால் அதிகமாகக் கத்தியவர்கள் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தவர்கள். "எங்களைப் பத்தி எழுத ஒண்ணுமே இல்லையா? எங்க குடும்பம் இன்னா அவ்ளோ கேவலமா?" என்று ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். கோயில் பக்கமே வராத எதிர்வீட்டுச் சீதாலட்சுமிகூட, "எங்களைப் பத்தி ஏதாச்சும் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாமியார் உள்ளே வந்து பேசியது சுருக்கமாக இருந்தது. கல்யாணம் முடியும்வரை கிளார்க் நாற்காலி. அதற்குப் பிறகு யோசிப்போம்.

வேலையோ இன்னும் முடியவில்லை. வரியை மாற்ற வேண்டும். ரெமியில் திருத்தும் வசதி கிடையாது. பதினோராயிரம் பேரில் ஒருவர் பெயருக்குக் கீழ் ஒரே ஒரு வரியை மாற்ற, அதை எழுதின மனுஷனுக்கே வழி தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போவதற்கு முன்னால் கிளிஃபர்ட் வந்து உட்கார்ந்தான்.

"கோப்பை நேரா திறந்து மாத்தணும் அங்கிள். பாஸ்வேர்ட்?"

ரெமிஜியஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "என் பேரு. தலைகீழா."

கிளிஃபர்ட் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தான். "தெரியும் அங்கிள். அன்னிக்கு நீங்க காபி சொல்லப் போனப்போ ட்ரை பண்ணேன். ரெண்டாவது தடவையே வந்துச்சு."

"அப்போ… பாத்தியா?"

"பார்த்தேன். கடைசிக் கட்டம் கீழ இறங்கும்னும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீங்க சுவத்தைப் பாக்கச் சொன்னீங்க," என்றான் கிளிஃபர்ட், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

ரெமிஜியஸ் அந்தப் பையனை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தார். மதிப்பு என்று சொல்ல முடியாது. தன் கூட்டத்து ஆள் ஒருவனைக் கண்ட எரிச்சல்.

இரண்டாவது ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறவர்கள் செப்டம்பரில் வந்திருந்தார்கள். "ஏணி திரும்பி வந்தது. தகப்பன் யோக்கியன்," என்று கஸ்பார் வாசித்தார். டென்சில் இஸ்திரிச் சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்து ஆஞ்சலா. கஸ்பார் கடைசி வரிக்கு இறங்குமுன் யாரோ ஒருவர் முணுமுணுப்பாக முந்திக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு யாரும் முணுமுணுக்கவில்லை. "தகப்பன் ரெமிஜியஸ், தாய் பிரிஜெட்," என்று கஸ்பார் நிறுத்தியதும், கோயில் முழுவதும், பாடகர் மாடம் உட்பட, மன்றாட்டுக்குப் பதில் சொல்வது போல ஒரே குரலில் சொன்னது: "இந்தப் பங்கில் உருப்படியான குடும்பம் இது ஒன்றுதான்." நோரா டீச்சர் சொன்னாள். சாமியாரின் உதடும் அசைந்தது. ரெமிஜியஸ் நேராக உட்கார்ந்திருந்தார். சமாதானம் சொல்லும் நேரத்தில் டென்சில் நடைபாதையைக் கடந்து வந்து முழுக் கையையும் நீட்டினார். வேறு வழியில்லாமல் ரெமிஜியஸும் முழுக் கையைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தார். பிரிஜெட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வரியை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவள்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பதை அவர் ஒருவர்தான் கவனித்தார். நாற்காலியும் போகவில்லை, மூன்று வருடப் பேனாத் திருத்தங்களைப் படிக்க வேறு ஆள் பங்கில் இல்லை என்று சாமியார் கண்டுகொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ரெமிஜியஸ் ஆபீஸைத் திறந்து, புல்மேட்டைத் தாண்டி, கறுப்புத் திரைக்கு வந்தார். பதிவுகளில் ஆஞ்சலாவின் கல்யாணத்தை ஏற்ற வேண்டும். அதன் குறிப்பில் பிரிஜெட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக மனதில் செதுக்கி வைத்திருந்தார். கோலார் என்ற சொல் அதில் இரண்டு முறை வந்தது. பெயர், தகப்பன், தாய், தேதி, ஞானத்தாய் தகப்பன், கல்யாணம் நடந்த இடம். என்டர் அடித்தார். மினுக்குகிற அந்தச் சின்னப் பச்சைக் கோடு, பத்து வருடமாகக் கடைசியில் வந்து நிற்கிற கட்டத்தில் நிற்காமல், அடுத்த ஆளின் பெயருக்குத் தாவியது. மறுபடி அடித்தார். மறுபடி தாவியது.

கட்டமே இல்லை. கல்யாண இடத்துக்கு மட்டும் ஒரு கட்டம் வைத்துவிட்டு, வைட்ஃபீல்ட் மாப்பிள்ளை குறிப்பை எடுத்துவிட்டிருந்தான்.

ரெமிஜியஸ் கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தாளின் வலது ஓரத்துக்கு அப்பால், மேசையின் மரத்தில், சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினார்.